ஆறு மாதிரி நடிக்கும் கால்வாய்!

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து, பிள்ளைகளுக்கு டப்பாவிலிருந்து பிரியாணி எடுத்து வைக்கிறீர்களே, அந்த ஆற்றோரப் புல்வெளி, அது வெறும் புல்வெளி இல்லை. வடிகால்! பெருமழை வந்தால் காலாங் ஆறு பரவி ஓடுவதற்கென்று ஒதுக்கிய இடம். நடுவில் சலசலவென்று வளைந்து நெளிந்து போகிறதே, அந்த ஆறும் அங்கே தானாக வளைந்ததில்லை. யாரோ வரைபடத்தில் வளைத்து, கணினியில் வெள்ளம் விட்டுப் பார்த்து, அப்புறம் மண்ணில் வெட்டியது.

இது தெரிந்த பிறகு அந்தப் பூங்காவில் சும்மா நடக்கவே முடியவில்லை. ஒவ்வொரு மேட்டையும் பார்த்து, ‘நீ எதற்கு இங்கே?’ என்று கேட்கத் தோன்றுகிறது. வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

முன்பு இங்கே இருந்தது கோடு போட்ட மாதிரி நேரான கான்கிரீட் கால்வாய். 2.7 கிலோமீட்டர் நீளம், 17 முதல் 24 மீட்டர் அகலம். சிங்கப்பூர்க்காரர்கள் பாஷையில் சொன்னால் ஒரு ராட்சத லோங்காங், அதாவது சாக்கடை. வெயில் நாளில் அடியில் ஒரு கீற்றாகத் தண்ணீர். மழையடித்தால் சீறிப் பாயும். 1988-இல் பக்கத்திலேயே பூங்கா வந்தது. ஆனால் பூங்காவும் கால்வாயும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத பங்காளிகளாகவே இருந்தன. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குச் சொந்தம், பூங்கா தேசியப் பூங்காக் கழகத்துடையது.

நகரம் வளர வளர, மண்ணில் இறங்க வேண்டிய மழை எல்லாம் கூரையிலும் சாலையிலும் விழுந்து நேரே கால்வாய்க்கு ஓடிவந்தது. கால்வாயைப் பெரிதாக்கியே தீர வேண்டிய நிலை. அதே நேரத்தில் பூங்காவுக்கும் புது மெருகு தேவைப்பட்டது. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்கள் அனுபவிக்கும் இடங்களாக்கும் ‘ஏபிசி’ திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கி, ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் குழுவிடம் கொடுத்தார்கள். இரண்டு அரசு அமைப்புகள் நடுவிலிருந்த எல்லைக் கோட்டை அழிக்கச் சம்மதித்தனவே, என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பெரிய பொறியியல் சாதனை அதுதான்!

இனி கணக்கு. பயப்படாதீர்கள், சுவாரசியமான கணக்கு. கான்கிரீட்டில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். புல், செடி, கல் எல்லாம் குறுக்கே நின்றால் தட்டுத்தடுமாறித்தான் போகும். வேகம் குறைந்தால், அதே அளவு மழையைக் கடத்த அதிக அகலம் வேண்டும். அகலத்துக்கு எங்கே போவது? அதுதான் பக்கத்திலேயே பூங்கா இருக்கிறதே! கான்கிரீட்டை உடைத்தார்கள், 2.7 கிலோமீட்டர் கோட்டை 3.2 கிலோமீட்டர் வளைவுகளாக நீட்டினார்கள், கரைகளை மெல்லச் சரித்துப் பூங்காவோடு சேர்த்தார்கள். இப்போது வெள்ளம் வந்தால் சில இடங்களில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை அது விரியலாம். கல்யாணப் பந்தியில் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்காரும் பெரியப்பா மாதிரி, மழை கூடக் கூட இந்த ஆறு இடுப்பைத் தளர்த்திக்கொள்கிறது. பழைய கால்வாயைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதல் தண்ணீரை இது கொண்டுபோகும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒத்திகைக் கதை. ‘கான்கிரீட் இல்லாமல் கரை நிற்குமா? வெப்பமண்டல மழை அடித்துக்கொண்டு போய்விடாதா?’ சந்தேகம் நியாயமானதுதானே. அதனால் 2009-இல் பூங்காவுக்குள்ளேயே ஒரு பக்கவாட்டு வடிகாலில் 60 மீட்டரை எடுத்துக்கொண்டு, செடிகளையும் கற்களையும் வைத்துக் கரை கட்டும் 10 வித முறைகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 7 முறைகள் பாஸ். அவைதான் பெரிய ஆற்றுக்குப் போயின.

கரையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் புதர். கொஞ்சம் விலக்கினால் கற்களின் இடுக்கிலிருந்து தண்டுகள் கிளம்பியிருக்கும். அவை தற்செயலாக முளைத்தவை அல்ல. உயிருள்ள கிளைகளை வெட்டி, விறகுக்கட்டு போலக் கட்டி, கரையில் நீளவாக்கில் பள்ளம் தோண்டிப் படுக்க வைப்பது ஒரு முறை. கிளைகள் வேர்விட்டு மண்ணைத் தைத்துவிடும். மண்ணைத் துணியில் பொட்டலம் கட்டி அடுக்கி, அடுக்குகளின் நடுவே செடி நடுவது இன்னொன்று. நட்ட புதிதில்தான் இந்தக் கரைகள் நோஞ்சான். வேர் இறங்க இறங்க வருஷத்துக்கு வருஷம் இறுகும். கான்கிரீட்டுக்கு வயதானால் விரிசல்தான்.

உடைத்த கான்கிரீட் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அதுவும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது! பாளம் பாளமாக அடுக்கி ஒரு குன்றே எழுப்பிவிட்டார்கள். பெயர் ‘ரீசைக்கிள் ஹில்’. பழைய கால்வாயின் முதுகில் ஏறி நின்று புதிய ஆற்றைப் பார்க்கலாம்.

பிள்ளைகள் குதிக்கும் நீர் விளையாட்டிடத்துக்கும் ஒரு பின்கட்டு உண்டு. மேல்புறத்தில் படிப்படியாக நீர்ச்செடிகள் நிற்கும் தொட்டிகளை யாரும் சீண்டுவதில்லை; அழகுக்கு வைத்தது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது சுத்திகரிப்பு ஆலை. தண்ணீரை பம்ப் செய்து அந்தப் படுகைகளில் விடுகிறார்கள். மண்ணும் வேர்களும் வேர்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அழுக்கை எடுத்துவிடுகின்றன. விளையாட்டிடத்துக்குப் போகும் தண்ணீருக்கு மட்டும் அதன்பிறகு புற ஊதாக்கதிர்க் குளியல் கூடுதலாக உண்டு.

சரி, மழை திடீரென்று பிடித்தால்? அதற்கும் ஆள் வைக்காமல் ஆள் வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்தைக் கவனிக்கும் சென்சார்கள், எச்சரிக்கை விளக்குகள், சைரன், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் உண்டு. கரை மெல்லச் சரிவதால், தண்ணீர் ஏறும்போது நாமும் ஏறி ஒதுங்கலாம். ஆற்றைத் தாண்ட வைத்திருக்கும் பாறைப்படிகள் முதலில் முழுகும். ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ என்று அங்கே நிற்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சைரன் ஊதினால் மேலே ஏறுங்கள், அவ்வளவுதான்.

2012 மார்ச்சில் பூங்கா திறந்தது. செலவு சுமார் 7 கோடியே 60 லட்சம் சிங்கப்பூர் டாலர். விலங்குகள் எதையும் கொண்டுவந்து விடவில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் பல்லுயிர் வளம் சுமார் 30 விழுக்காடு கூடியது. கொசு பெருகுமே என்று பயந்தவர்களுக்கு, ஓடும் தண்ணீரும் மீன்களும் தும்பிகளும் பதில் சொல்லின.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள், நிஜ நட்சத்திரங்கள். நீர்நாய்கள்! அழைப்பிதழ் யாரும் அனுப்பவில்லை. குடும்பத்தோடு வந்து இறங்கி, குட்டி போட்டு, ‘பீஷான் 10’ என்று பெயரும் வாங்கிக்கொண்டு, காலை உலா வருபவர்களை எல்லாம் கேமராக்காரர்களாக மாற்றிவிட்டன. 2015-இல் ஆற்றோடு கீழே இறங்கி மரினா விரிகுடாப் பக்கம் போய், அங்கிருந்த இன்னொரு நீர்நாய்க் குடும்பத்தோடு பேட்டைச் சண்டையும் போட்டன. வீட்டுக் குளங்களில் புகுந்து விலையுயர்ந்த கோய் மீன்களைக் காலி செய்யும் நீர்நாய்களைப் பற்றிப் புகார்கள் தனி. ஆனாலும் ஊருக்குச் செல்லப்பிள்ளைகள்தான்.

பீஷான் நீர்நாய்கள் போன வழியிலேயே தண்ணீரும் போகிறது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பும் காலாங் ஆறு, சுமார் 10 கிலோமீட்டர் ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008-இல் கடல்வாயில் அணை வந்தபிறகு அது குடிநீர் ஆதாரம். ஆக, பூங்காப் புல்லில் விழும் மழைக்குக் கடைசி மேடை சமையலறைக் குழாயாகவும் இருக்கலாம்!

பார்க்க ஆசையா? நல்ல மழைக்கு மறுநாள் காலை போங்கள். கரைச் செடிகளில் சருகும் சுள்ளியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று தேடினால், முந்தைய நாள் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வெள்ளை ஷூ மட்டும் வேண்டாம்.