புரொஜெக்டர் பெட்டி சொல்வதும் சுவரில் தெரிவதும்

இணையத்தில் புரொஜெக்டர் தேடினால், கையடக்கமான பெட்டி ஒன்று ‘9,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட், கான்ட்ராஸ்ட் 10,000:1’ என்ற விளம்பரத்தோடு வந்து நிற்கும். பக்கத்திலேயே பல மடங்கு விலையுள்ள இன்னொன்றில் 3,000 லூமன்ஸ் என்றுதான் போட்டிருக்கும். எண்ணை மட்டும் பார்த்து முதலாவதை வாங்குகிறவர்கள், படம் ஏன் இவ்வளவு மங்கல் என்று பிறகு தவிக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. பெட்டியில் உள்ள சொற்களுக்கு யாரும் பொருள் சொல்வதில்லை.

லூமன்ஸ் என்பது ஒரு விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி. ஆனால் நமக்கு வேண்டிய கணக்கு, கருவிக்குள் படத்தை வரையும் எல்சிடி பலகை, லென்ஸ் எல்லாவற்றையும் கடந்து திரையில் விழும் ஒளி. அதை அளக்க 1992-இல் அமெரிக்காவில் ஒரு முறை வகுத்தார்கள். வெள்ளைத் திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மையத்திலும் ஒளியை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். அதுதான் ‘ஆன்சி லூமன்ஸ்’. ‘ஐஎஸ்ஓ லூமன்ஸ்’ என்பதும் ஏறக்குறைய இதே வழிதான். இந்த இரண்டில் ஒரு பெயர் முன்னால் இல்லாத எண்ணை நம்பவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் வாட் அளவைப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 150 லூமன்ஸ் தருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 50 வாட் கருவிக்குள் 7,500-க்கு மேல் பிறக்க வழியில்லை. அதிலும் பெரும்பகுதி எல்சிடி பலகையிலேயே போய்விடும்.

அடுத்து உங்கள் அறை. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். டியூப்லைட் எரியும் ஹாலில் அதன்மேல் 100 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 100 லூமன்ஸ், வெளிச்சம் விழுந்தால், அதுவே 275 லூமன்ஸ். புரொஜெக்டர் உண்மையில் தருவது 300 ஆன்சி லூமன்ஸ் என்றால், வெள்ளை தெரிய வேண்டிய இடத்தில் 575, கறுப்பு தெரிய வேண்டிய இடத்தில் 275. கான்ட்ராஸ்ட் எனப்படும் இந்த விகிதம் இரண்டுக்கு ஒன்றுதான். பெட்டியில் போட்ட 10,000:1 அங்கே செல்லாக்காசு. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத சுவர்தான் அதற்குக் கறுப்பு. இரவுக் காட்சிகளில் கருஞ்சட்டையின் மடிப்புகூடத் தெரியாமல் எல்லாம் சாம்பல் பூசிக்கொள்வது இதனால்தான். அதே கருவி, விளக்கை அணைத்தால் ஓரளவு நன்றாகவே காட்டும்.

‘4கே சப்போர்ட்’ என்பதுதான் அதிகம் ஏமாற்றும் சொல். 4கே சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. படத்தை வரைவது உள்ளே இருக்கும் பலகை. அதன் சொந்த அளவுக்கு ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்று பெயர். அது 1280×720 என்றால், 3840×2160 புள்ளிகளோடு வரும் 4கே படத்தில் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் காட்டும். 4கே படத்தை நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் வாங்க வேண்டுமானால், 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்குப் பிந்தையது தேவை, 1.4 என்றால் 30-தான்.

‘1080பி’, ‘1080ஐ’ என்று போட்டிருந்தால், 1080-க்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். ‘பி’ என்றால் 1080 வரிகளும் ஒரே பிரேமில் வரும். ‘ஐ’ என்றால் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. இரண்டையும் புரொஜெக்டர் சரியாகச் சேர்க்காவிட்டால், வேகமாக ஓடும் பந்தின் விளிம்பு சீப்புப் பற்களாகத் தெரியும்.

எங்கே வைப்பது என்பதைச் சொல்வது ‘த்ரோ ரேஷியோ’. சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 100 அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. ரேஷியோ 1.5 என்றால் சுமார் 11 அடி தள்ளி வைக்க வேண்டும். பத்தடி அறையில் அந்தப் படம் கிடைக்காது. பக்கவாட்டில் வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ போட்டு நேராக்கலாம் என்பார்கள். டிஜிட்டல் கீஸ்டோன் படத்தைப் பலகைக்குள்ளேயே சுருக்கித்தான் நேராக்குகிறது. புள்ளிகளும் ஒளியும் வீணாகும். நேர் எதிரே வைப்பதே நல்லது.

கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ லூமன்ஸ் எவ்வளவு, நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத புரொஜெக்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.