காரில் நீலப் புகை: டர்போ போயிடுச்சா, வேறு காரணமா? கண்டுபிடிப்பது எப்படி?

"டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்." பழைய டீசல் காரின் சைலன்சரில் நீலப் புகை வந்தால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், பல ஆயிரம் ரூபாய் செலவழித்து டர்போவை மாற்றிய பிறகும் அதே புகை தொடரும் கார்களும் உண்டு. ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று பார்க்காமலேயே பில் போட்டதன் விளைவு அது.

ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா எனப் பல கார்களில் ஓடியது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி அமலானபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இந்த இன்ஜினுடன் இப்போது கைமாறும் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே பழைய வண்டிகள்தான். முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுபவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் நிறம், பிறகு நேரம்

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது அல்லது டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலம் கலந்த சாம்பல் நிறம்தான் ஆயில் எரிவதன் அடையாளம். சந்தேகம் இருந்தால் வாசனை உதவும். எரியாத டீசல் கண்ணை எரிக்கும். ஆயில் என்றால் கருகிய வாடை வரும்.

நிறத்தைவிட முக்கியம், புகை எப்போது வருகிறது என்பது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு வந்து பிறகு நின்றுவிட்டால், ராத்திரி முழுக்க வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிக்னலில் சில நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று வந்தால், சந்தேகம் டர்போ பக்கம் திரும்பும். மேட்டில் லோடு ஏற ஏறப் புகையும் கூடிக்கொண்டே போனால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இது எதுவும் நூறு சதவீதத் தீர்ப்பு கிடையாது, எங்கே முதலில் கை வைப்பது என்பதற்கான துப்பு மட்டுமே.

டர்போ ஏன் ஆயிலைத் துப்புகிறது?

சின்ன கார் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1.5 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வருகிறது. ஆனால் வெளியேறும்போது எந்த பம்ப்பும் கிடையாது, தானாக வழிந்துதான் சம்ப்புக்கு இறங்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருப்பது ரப்பர் சீல் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம்தான். தேங்கி நிற்கும் ஆயிலை அதனால் தடுக்க முடியாது.

அதனால்தான் டர்போவில் ஒரு குறையும் இல்லாமலேயே அது ஆயில் துப்பும். ரிட்டர்ன் பைப்பில் கரி படிந்து அடைத்தால் போதும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். ரிங் தேய்ந்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலும், பிரீதர் அடைத்தாலும் ஆயில் கீழே இறங்க முடியாமல் சீலைத் தாண்டும். இந்த நிலையில் புது டர்போ போட்டால் அதுவும் புகையும். உள்ளே வரும் ஆயில் பைப் அடைத்திருந்தாலோ இன்னும் மோசம். புது டர்போவின் பேரிங்கே சீக்கிரம் போய்விடும்.

செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்குங்கள்

டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு, ஏர் ஃபில்டர், பிரீதர் பைப் மூன்றையும் முதலில் பார்த்துவிடலாம், பைசா செலவில்லை. அடுத்து, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஆவி சகஜம். ரயில் இன்ஜின் மாதிரி குப்புக் குப்பென்று அடித்தால், பிரச்சினை டர்போவில் இல்லாமல் ரிங்கில் இருக்கலாம். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பதுதான் சரி. டீசலுக்கென்று உள்ள கேஜில் எடுக்க வேண்டும். பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி, "பாருங்க, உள்ளே ஆயில்!" என்று காட்டினால் உடனே பதற வேண்டாம். பிரீதர் ஆவி இன்டேக்குக்குத்தான் போகிறது என்பதால் லேசான ஈரம் இயல்பு. குட்டை கட்டி நின்றால்தான் கவலை. டர்போ ஷாஃப்ட்டை விரலால் அசைக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் பிளே இருக்கும், அதுவும் இயல்பே. முன்னும் பின்னும் நன்றாக அசைந்தாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போவின் காலம் முடிந்தது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், காலை நேரப் புகை உங்கள் கண்ணில் படாது. வேறொரு நாள் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன்பே வந்துவிடுவதாகச் சொல்லுங்கள்.

சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்காவிட்டால்?

நீலப் புகையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணம் இது. டர்போ சீல் மொத்தமாக விட்டுவிட்டால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, தானாக ரேஸ் ஆக ஆரம்பிக்கும். சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும். ஆயில் போய்க்கொண்டே இருக்கும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, டாப் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினை ஆஃப் ஆக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி கிடையாது. முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். ஏர் இன்டேக்கைக் கையால் அடைக்க முயலவே கூடாது.