பார்க்கும் பிள்ளையும் படத்தில் இருக்கும் பிள்ளையும்

கிள்ளானில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பசியாறி முடித்ததும் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லித்தரும் ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை எடுக்கிறார். யூடியூப்பில் ஏற்றப் போனால் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது: இது குழந்தைகளுக்கானதா, இல்லையா? ‘ஆம்’ என்று தட்டுகிறார். உண்மையும் அதுதானே. ஏற்றிய பிறகு பார்த்தால் கருத்துப் பகுதி மூடிக் கிடக்கிறது. மணிச் சின்னம் வேலை செய்யவில்லை. ‘அடுத்த பாடம் எப்போது, டீச்சர்?’ என்று கேட்க ஒரு தாய்க்கு அங்கே இடமில்லை.

இந்தக் கேள்வியின் வேர் புத்ராஜெயாவில் இல்லை, வாஷிங்டனில் இருக்கிறது. சிறுவர் இணையத் தனியுரிமைக்காக அமெரிக்கா 1998-இல் இயற்றிய ‘கோப்பா’ சட்டம் 2000 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தனிப்பட்ட விவரத்தைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்பதே அதன் சாரம். விவரம் என்றால் பெயரும் முகவரியும் மட்டுமா? உலாவியில் ஒட்டிக்கொண்டு, இந்தக் கருவி நேற்று எதைப் பார்த்தது, இன்று எதைப் பார்க்கிறது என்று பின்தொடரும் ‘குக்கி’ எண்ணும் அதில் அடக்கம். ஆளுக்கேற்ற விளம்பரம் காட்டுவதே அந்த எண்ணை வைத்துத்தான்.

குழந்தைகளுக்கான அலைவரிசைகளிலும் யூடியூப் இதைச் செய்தது என்பது குற்றச்சாட்டு. 2019 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்துடனும் நியூயார்க் மாநிலத்துடனும் சமரசம் கண்டு, கூகுளும் யூடியூப்பும் 170 மில்லியன் டாலர் கட்டின. அந்த உடன்பாட்டின்படி, எது குழந்தைகளுக்கானது என்று படம் எடுத்தவரே சொல்வதற்கான ஏற்பாடு 2020 ஜனவரியில் முழுமையாக அமலானது. எங்கே வசித்தாலும் இது பொருந்தும் என்கிறது யூடியூப். குக்கியை வைத்தது நிறுவனம், கட்டத்தில் தட்ட வேண்டியவர் கிள்ளான் ஆசிரியை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? எழுத்துப் பாடத்தில் ஐயமில்லை. பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்களில் பலர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். தீபாவளிச் சந்தைக்குப் போன குடும்பத்தின் காணொளியில் நாலு வயது மகள் பலூன் கேட்டு அழுகிறாள். பிள்ளை இருக்கிறது என்பதற்காகவே அது குழந்தைகளுக்கான காணொளி ஆகிவிடாது, பார்ப்பது பெரியவர்கள். பொம்மைக் கார் சேகரிப்பவர் வண்ணப்பூச்சையும் விலையையும் பற்றிப் பேசினால் அது சேகரிப்பாளருக்கானது. அதே கார்களுக்குக் கீச்சுக்குரல் கொடுத்து ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்க வைத்தால் பதில் மாறுகிறது. பொருள், பாட்டு, பாத்திரம், பேசும் மொழி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

‘எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைப் போட்டுவிடலாம்’ என்று நினைப்பவர்கள் டிஸ்னியின் கதையைக் கேட்கலாம். காணொளி ஒவ்வொன்றையும் பார்க்காமல் அலைவரிசை முழுவதற்கும் ஒரே அமைப்பை வைத்ததால் குழந்தைகளுக்கான பல காணொளிகள் ‘இல்லை’ என்ற முத்திரையோடு போயின என்ற புகாரில், 10 மில்லியன் டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

‘ஆம்’ என்ற பதிலால் ஆளுக்கேற்ற விளம்பரம் நின்றால் வருமானம் குறையும் என்பது பெரிய அலைவரிசைகளின் கவலை. விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (குறுங்காணொளிக்குக் கணக்கு வேறு). சனிக்கிழமைப் படக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்? அவர்களை உறுத்துவது பூட்டிய கருத்துப் பகுதிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்க்கும் பிள்ளையைப் பற்றி. படத்தில் இருக்கும் பிள்ளை? பெற்றோரே எடுத்து ஏற்றும் முகத்தைப் பற்றி அந்த அமெரிக்கச் சட்டம் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. 2019 பிப்ரவரியில், சிறுவர்கள் விளையாடும் சாதாரணக் காணொளிகளின் கீழே வக்கிரக் கருத்துகள் குவிவது அம்பலமானபோது, சிறுவர் இடம்பெற்ற கோடிக்கணக்கான காணொளிகளில் கருத்துப் பகுதியை யூடியூப் மூடியது. வீட்டு நீச்சல் குளத்துக் காட்சியை யார் யார் பார்க்கிறார்கள் என்பது பல பெற்றோருக்கு அப்போதுதான் உறைத்தது. 2025 ஜூலை 22 முதல் யூடியூப்பில் 16 வயது நிரம்பாதவர் தனியாக நேரலை செய்ய முடியாது.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளைப் பற்றியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இசைவு தர வேண்டும் என்கின்றன அதன் கீழ் வந்த 2013 விதிமுறைகள். குடும்ப விவகாரத்துக்கும் பொழுதுபோக்குக்கும் ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. கடைக்காரர் ஒருவர் காசு கொடுத்துத் தம் பலகாரத்தைக் காட்டச் சொன்ன பிறகும் அது பொழுதுபோக்கா? அந்த இடத்தில் விலக்கை நம்பி இருக்க நான் துணிய மாட்டேன். 2024 திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் ஒரு மில்லியன் ரிங்கிட் வரை போகலாம். 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் தளங்களின் மீதுதான் கடமையைச் சுமத்துகிறது, படம் எடுப்பவர் மீது அல்ல.

சட்டம் விட்டுவைத்த இடத்தில்தான் நம் படங்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் நடன வகுப்பின் ஆண்டுவிழாவில் மேடையில் இருபது பிள்ளைகள். உங்கள் மகளைத்தான் எடுத்தீர்கள், மற்ற பத்தொன்பது பேரும் கூடவே போகிறார்கள். ஏற்றுவதற்கு முன் புலனக் குழுவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவரின் பிள்ளை முகத்தை மங்கலாக்குங்கள். பள்ளிச் சீருடை என்றால் பெயர்ப்பட்டையும் சின்னமும் வாசிக்கும்படி இருக்கிறதா என்று நிறுத்திப் பாருங்கள். பழைய காணொளிகளுக்கும் நேரம் கடந்துவிடவில்லை: யூடியூப் ஸ்டூடியோவில் முகத்தை மறைக்கும் கருவி இருக்கிறது, ‘குழந்தைகளுக்கானதா’ என்ற பதிலையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மாற்றலாம்.