பால்காரர் வேடத்தில் ஓர் ஆங்கில வகுப்பு

அடையாற்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போது ஒலிநூல் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்டதுதான் ஜான் பக்கனின் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்'. 1915இல் வெளியான ஒற்றர் நாவல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பதிவு இலவசமாகவே கிடைக்கிறது.

ரிச்சர்ட் ஹானேயின் லண்டன் வீட்டில் ஒருவர் கொல்லப்படுகிறார். ஜெர்மன் ஒற்றர்கள் ஒருபுறம், போலீசு மறுபுறம் துரத்த, ஹானே ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறார். கதையை அவரே சொல்வதால் காதில் கேட்கப் பொருத்தமாக இருக்கிறது.

முதல் நாள் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒலிக்கவிட்டேன். பத்தாவது நிமிடத்தில் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவறு என்னுடையதுதான். படிக்கும்போது வரி புரியாவிட்டால் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும்; கேட்கும்போது குரல் யாருக்காகவும் நிற்பதில்லை.

மறுமுறை மூன்று நிமிடம் மட்டும். கதையைத் தமிழில் சொல்லி, ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒருமுறை கேள்வியே இல்லாமல் கேட்கவைத்தேன். இரண்டாம் முறைக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி. மின்விசிறிச் சத்தத்தில் கைப்பேசி ஒலி கடைசி வரிசைக்கு எட்டாது, ஒலிபெருக்கி அவசியம்.

அந்தக் காலத்தை விளக்க நான் லண்டனுக்குப் போகவில்லை. "வீட்டில் யாரையாவது 'சரியான எம்டன்' என்று சொல்லிக் கேட்டதுண்டா?" என்றேன். பல கைகள் உயர்ந்தன. நாவலின் கதை நடப்பது 1914 கோடையில். அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதன்பின் ஜெர்மன் ஒற்றர் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

நான் எடுத்த பகுதியில், ஹானே ஒரு பால்காரரிடம் பந்தயம் என்று சொல்லி, தங்க நாணயம் கொடுத்து, அவருடைய தொப்பியையும் மேலங்கியையும் வாங்கி அணிந்து நழுவுகிறார். "இந்த வேடம் ஏன்?" என்று கேட்டேன். விடியற்காலையில் மந்தைவெளியில் ஆவின் பாக்கெட் போடும் மாணவன், வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்தான். "நோபடி லுக் மில்க்மேன், சார்." இலக்கணத்தை அன்று நான் திருத்தவில்லை.

ஓர் எச்சரிக்கை: முதல் அத்தியாயத்தில் யூதர்களைப் பற்றி இழிவான பேச்சு வருகிறது. அதை வகுப்பில் ஒலிக்கவிட வேண்டாம். பால்காரர் வரும் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.