மீன் தொட்டியில் செடி வாடுவதேன்?

சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன்களும் நீர்ச்செடிகளும் வாங்கி வந்து வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர், மீன் நலமாயிருக்கச் செடி மட்டும் சோர்வதேன் என்று நம்மை வினவியுள்ளனர். இத்தகைய வேளையில் பயிரிடுவோர் கை முதலில் உர மூட்டையை நாடும். அக்கையைச் சற்றே நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நாமே ஒருமுறை அவ்வாறு தவறினோம். வாலிஸ்னேரியாவின் இலை வெளுக்கக் கண்டு, தழைச்சத்துக் குறை எனத் துணிந்து, வயலுக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு சிட்டிகை இட்டோம். மாற்றம் தோன்றாமையால் மறுநாளும் இட்டோம். சில நாள்களில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவித்தன; ஒன்றும் பிழைக்கவில்லை. யூரியா நீரிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியாவாகிறது. காரத்தன்மை மிகுந்த நீரில் அதன் கொடுமை பன்மடங்கு பெருகும். எங்கள் கிணற்று நீரோ அத்தகையது. மீன் கழிவிலிருந்தே செடிக்குத் தழைச்சத்துக் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அன்று நாம் பாராமல் விட்டது, வெளுத்த இலை எது என்பதை. தழைச்சத்துக் குறைந்தால் நெல்லில் அடியிலை முதலில் மஞ்சளாவதை நம் உழவர் அறிவர். நீர்ச்செடியும் அவ்வாறே முதிர்ந்த இலையிலிருந்து சத்தை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பும். சாம்பல் சத்துக் குறைந்தாலும் முதிர்ந்த இலையே காட்டும். ஊசி குத்தினாற்போல் சிறு துளைகள் விழுந்து அவற்றின் ஓரம் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் இடம் பெயராது. ஆகவே அது குறையின் தளிரே வெளுக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் கொழுந்து மஞ்சளாவதும் இதனாலேயே. நம் வாலிஸ்னேரியாவில் வெளுத்தவை நடுவிலிருந்து எழுந்த புதிய இலைகள்! படியாது நீரில் கரைந்து நிற்கும்படி தயாரித்து விற்கும் இரும்புச் சத்தைச் சிறிதளவு இட்டபின் எழுந்த இலைகள் பச்சையாகவே வந்தன. முன் வெளுத்தவை வெளுத்தபடியே நின்றன. அவற்றைக் கொண்டு மருந்தின் பயனை மதிப்பிடலாகாது.

சத்து எதுவும் குறையாதபோதும் செடி வளராதிருப்பதுண்டு. பாவு எத்துணை நீளமாயினும் ஊடை தீர்ந்தால் தறி நிற்குமன்றோ? தொட்டியில் முதலில் தீரும் ஊடை பெரும்பாலும் கரியமிலவாயுவே. காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இந்நிலையில் விளக்கை மட்டும் கூட்டினால் அவ்வொளியைப் பாசி உண்டு கொழுக்கும். தனியே வாயு செலுத்தாத தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர மிதமான ஒளி போதும். சன்னலோரத்து நேர்வெயில் வேண்டாம்.

அனுபியாஸ் அழுகினால் நட்ட முறையைப் பார்க்க வேண்டும். அதன் கிடைத்தண்டை மணலில் புதைக்கலாகாது. கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட வேண்டும். கிரிப்டோகோரைன் புதிய தொட்டிக்கு வந்ததும் இலை முழுவதும் கரைந்துபோகக்கூடும். செத்ததென்று பிடுங்கி எறிந்த அங்கத்தினர் ஒருவரை அறிவோம். வேர் உறுதியாயிருப்பின் சில வாரங்களில் அது மீண்டும் துளிர்க்கும். அழுகிய இலைகளை மட்டும் கிள்ளி அகற்றிவிட்டு, இடம் மாற்றாமல் விட்டுவைக்க வேண்டும்.