கூடிக் கற்போருக்கு முன்னேற்பாடு

இணையவழியில் குழுவாகக் கற்கும் திட்டங்கள் இன்று மாணவர்கள், அரசு ஊழியர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் எனப் பல தரப்பினருக்கும் நடத்தப்பட்டு வருகின்றன. பாடங்களைத் தயாரிப்பதில் காட்டப்படும் அக்கறை, அவற்றைப் பெறுவோரை ஆயத்தப்படுத்துவதில் காட்டப்படுவதில்லை. கிடைக்கும் பயனோ பெரும்பாலும் இரண்டாவதையே பொறுத்திருக்கிறது.

இதற்குக் கேரளத்தின் 2020ஆம் ஆண்டு அனுபவம் நல்ல சான்றாகும். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அம்மாநில அரசு ஜூன் 1ஆம் நாள் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் வகுப்புகளை விக்டர்ஸ் கல்வி ஒளிபரப்பின் வாயிலாகத் தொடங்கிற்று. விக்டர்ஸ், 2005ஆம் ஆண்டு எஜுசாட் செயற்கைக்கோளின் துணையுடன் தொடங்கப்பெற்றது. ஆகவே ஒளிபரப்பும் வசதி முன்னரே கைவசம் இருந்தது. குறை மறுமுனையில் இருந்தது. தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் 2.61 லட்சம் பேர் எனக் கணக்கெடுப்பில் தெரியவந்தது. எனவே தொடக்க வாரங்கள் வெள்ளோட்டமாகவே கொள்ளப்பட்டு, அதே பாடங்கள் மறுமுறையும் ஒளிபரப்பப்பட்டன. அந்த இடைவெளியில் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, பொதுப் படிப்பு மையங்கள் அமைக்கப்பட்டன. கேரளத்தில் 1945ஆம் ஆண்டு பி. என். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய நூலக இயக்கத்தின் வேர்கள் ஊர்தோறும் இருந்தமையால் இது விரைவில் கைகூடியது. நூலகம் இல்லாத ஊர் என்ன செய்யும் என்பது பிற மாநில அதிகாரிகள் சிந்திக்க வேண்டிய கேள்வி.

கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளில் இத்தேவை இன்னும் தெளிவாகப் புலப்படும். மிளகு, சுக்கு வாணிகத்தால் பெயர்பெற்ற இவ்விடத்தில், மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் முதலிய மொழிகள் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். சந்துகள் குறுகியவை, வீடுகள் நெருக்கமானவை. சமையலும் உறக்கமும் நோயாளியின் படுக்கையும் ஒரே அறையில் அமைந்த வீட்டில், கைப்பேசி இருந்தாலும் பாடம் கேட்க இடமில்லை. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பாடம் நடக்கும் மொழி மற்றொன்று என்னும்போது, திரையில் தோன்றும் ஆசிரியரை நிறுத்திப் பொருள் கேட்கவும் இயலாது. அத்தகைய குழந்தைக்குத் தேவை இன்னொரு கருவியன்று; அமர ஓர் இடமும், அருகில் பொருள் சொல்ல ஒருவரும் ஆகும்.

இந்த உண்மை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன், அன்றைய பம்பாய் மாநிலத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை நடத்தியது. மன்றத்திற்குச் சுமார் 20 உறுப்பினர். வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சி. கேட்டு முடித்தவுடன் கலந்துரையாடி, எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதனை ஆய்ந்தபோது, மன்றம் இயங்கிய ஊர்களில் அறிவு கணிசமாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சொற்பமே. பெட்டியை வழங்கிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் அதன் பின்னரும் நின்றபாடில்லை.

மேற்கண்ட வேறுபாட்டை உண்டாக்கியவர் மன்றத்தின் அமைப்பாளர் எனலாம். உறுப்பினரைத் திரட்டுதல், பேச்சு ஓரிருவரிடமே தங்கிவிடாமல் பார்த்தல், கேள்விகளைத் தொகுத்து அனுப்புதல் ஆகியவை அவருடைய பணிகள். இணையவழித் திட்டத்திலும் ஐந்தாறு பேருக்கு ஓர் அமைப்பாளர் இருத்தல் நலம். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. மேல்வகுப்பு மாணவரே போதும். வகுப்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னரே, வகுப்பு நடைபெறவிருக்கும் அதே நேரத்தில், இணைப்பைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய முதற்கடமை. காலையில் தடையின்றிக் கிடைக்கும் அலைவரிசை, ஊரே கைப்பேசியில் மூழ்கும் மாலையில் கிடைக்கும் என்பது உறுதியில்லை. இணைப்பு அறுந்தால் பாடத்தைப் பின்னர் எங்குப் பெறுவது என்பதையும் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கற்போர் செய்ய வேண்டியது இதனினும் எளிது, ஆயினும் பெரும்பாலோர் செய்வதில்லை. பாடப்பகுதியை ஒருமுறை படித்து, விளங்காத இடங்களைக் கேள்விகளாகத் தாளில் எழுதிவைத்தல் வேண்டும். கேள்வியுடன் வருபவர் விடையைத் தேடிக் கேட்கிறார்; வெறுங்கையுடன் வருபவர் குரலை மட்டும் கேட்கிறார். வகுப்பு முடிந்தபின் கால் மணி நேரமேனும் குழு கலையாமல் இருந்து பேச வேண்டும். 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’ போன்ற தளங்களில் சேர்வோர், வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய பயிற்சிகளின் இறுதி நாட்களை முதல் நாளிலேயே நாட்குறிப்பில் குறித்துக்கொள்வது நன்று. சேர்க்கைக்குக் கட்டணமில்லை என்பதால் சேர்ந்துவிட்டு, பாதியில் விட்டுவிடுவது எளிதாகிவிடுகிறது. குழுவில் நால்வர் காத்திருக்கின்றனர் என்றால் அவ்வளவு எளிதன்று.

பணியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் அலுவலகங்கள் அந்த நேரத்தைப் பணிநேரமாகவே கருத வேண்டும். ஒரு கையில் கோப்பும் மறுகையில் கைப்பேசியுமாக அமர்ந்திருப்பவரின் பெயர் வருகைப்பட்டியலில் ஏறும். பாடம் மனத்தில் ஏறாது.

தஞ்சை உழவர்கள் 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். திருச்சி வானொலி சொன்னது அந்நாளில் வயலுக்கே வந்து சேர்ந்தது. ஒலிபரப்பைக் கேட்ட உழவருக்கு அக்கம்பக்கத்தாரோடு பேசிப்பார்க்கத் திண்ணையும், ஐயம் தீர்க்க வேளாண் அலுவலரும் இருந்தனர். மட்டாஞ்சேரியின் சந்துகளில் அத்தகைய திண்ணைகளாகக்கூடியவை பள்ளி முடிந்தபின் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைகளே. அவற்றின் திறவுகோலை மாலை நேரத்தில் யார் வைத்திருப்பது என்பதைத் திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.