விரிசல் விட்ட மட்டையோடு ஆடலாமா?

கோடை தொடங்கி மேட்டூர் அணை திறக்கும் வரை ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடப் பஞ்சம் கிடையாது. கொள்ளிடக் கரை இருக்கிறது. உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளும் இருக்கின்றன. அங்கே ஆட்டம் பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இதே பிள்ளைகள் இதே மட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு வருகிறார்கள். பள்ளி மைதானத்தில் தோல் பந்துப் போட்டி. மட்டை அதேதான், பந்துதான் வேறு. அந்த மட்டையில் விரிசல் இருந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும்? “டேப் சுற்றியிருக்கிறோம், சார், ஒன்றும் ஆகாது” என்பார்கள் பிள்ளைகள். உண்மையில் ஒன்றும் ஆகாதா?

கிரிக்கெட் விதிகளை வகுப்பது லண்டனிலுள்ள எம்.சி.சி. என்னும் சங்கம். அது 2017-இல் வெளியிட்ட தொகுப்பில் ஐந்தாம் விதி மட்டையைப் பற்றியது. விரிசல் விட்ட மட்டையோடு ஆடக்கூடாது என்று அதில் வெளிப்படையாக ஒரு வரியும் இல்லை. எப்படிப் பழுது பார்க்கலாம் என்பதற்குத்தான் வரம்பு விதித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளின் பேஸ்பால் விதியோ நேர்மாறானது. பிளந்த மட்டையைக் கண்டால், ஆடுபவருக்குத் தண்டனை ஏதும் தராமல், மட்டையை மட்டும் ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்கிறது. நம் ஊர்ப் போட்டிகளில் இதை முடிவு செய்ய வேண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியரோ நடுவரோதான். அவருக்கு இயற்பியல் கொஞ்சம் துணை செய்யும்.

முதலில் பந்து என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோல் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். அது மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து, மட்டையில் பட்டு அதே வேகத்தில் திரும்பிப் போவதாக வைத்துக்கொள்வோம். திசையும் மாறுவதால் வேக மாற்றம் வினாடிக்கு 40 மீட்டர். உந்த மாற்றம் 0.16 × 40 = 6.4. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ வினாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 6.4-ஐ 0.001-ஆல் வகுத்தால் சராசரி விசை 6,400 நியூட்டன். ஏறக்குறைய 650 கிலோ எடையை அந்த ஒரு கணம் மட்டையின் மேல் வைத்ததற்குச் சமம்! 13 வயதுக்குட்பட்டோர் ஆடும் பந்து 133 முதல் 144 கிராம். அதனால் கணக்கு அதிகம் மாறிவிடாது.

டென்னிஸ் பந்து 58 கிராம் அளவுதான். மென்மையானதால் மட்டையில் அமுங்கி, ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடி தங்கிப் போகும். அதே வேகங்களுக்குச் சராசரி விசை 464 நியூட்டன். அதாவது 47 கிலோ எடை. ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான். ஆகவே “ஆறு மாதமாக இதே மட்டையில்தான் ஆடுகிறோம்” என்பது, அந்த ஆறு மாதமும் டென்னிஸ் பந்தில் என்றால், எதற்கும் சான்றாகாது.

இனி விரிசலுக்கு வருவோம். திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டு ஒன்று வைப்பார். பிறகு இரு கைகளாலும் இழுத்தால் துணி சர்ரென்று கிழிந்து போகும். வெட்டு இல்லாத துணியை இழுத்தால் எளிதில் கிழியாது. காரணம், இழுவிசை எல்லா இழைகளிலும் சமமாகப் பரவாமல், வெட்டின் முனையிலுள்ள இழையின்மேல் வந்து குவிகிறது. அது அறுந்ததும் அடுத்த இழை, பிறகு அதற்கடுத்தது. ஒரு பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையைத் தகைவு என்கிறோம். பொருளில் உள்ள துளையின் முனை எவ்வளவுக்குக் கூர்மையோ, அவ்வளவுக்குத் தகைவு அங்கே பெருகும் என்று 1913-இல் இங்கிலிஸ் என்ற ஆங்கிலப் பொறியியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். விரிசல் எப்போது தானாகவே பரவத் தொடங்கும் என்பதை 1921-இல் கிரிஃபித் விளக்கினார்.

ஆனால் மரம் எத்திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. விறகு பிளப்பவர் கோடரியை ரேகை ஓடும் திசையில்தான் போடுவார். குறுக்கே போட்டால் மாலைவரை வெட்ட வேண்டியதுதான். வில்லோ மரத்தாலான மட்டையின் பலகையில், முன்புறம் ரேகையோடு ஓடும் தலைமயிர் போன்ற மெல்லிய விரிசல்கள் நன்றாக ஆடிய எந்த மட்டையிலும் இருக்கும். பந்து இழைகளை அமுக்கி அமுக்கி வந்த தழும்புகள் அவை. அவற்றைக் கண்டு மட்டையை விலக்குவது தேவையற்ற கண்டிப்பு என்பேன். அடிமுனையில் ஈரம் ஏறி, யார்க்கர் பந்து பட்டுப் பிளக்கும் விரிசலைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே ஓடும் விரிசலும், பலகையின் தோள்பட்டையில் ஆப்பு வடிவில் கைப்பிடி செருகியிருக்கும் பொருத்தில் உள்ள விரிசலும், கைப்பிடி விரிசலும்தான் ஆபத்தானவை.

கைப்பிடி ஏன் அப்படி? பிரம்புத் துண்டுகளை இடையிடையே ரப்பர் வைத்து ஒட்டிச் செய்தது அது. ஒட்டு உறுதியாக இருக்கும்வரை எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஒரே கம்பாக வளையும். வளைவை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. கம்பு நடுவில் நீளவாக்கில் பிளந்துவிட்டால், பாதித் தடிமனுள்ள ஒவ்வொரு பாதியின் விறைப்பும் எட்டில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் நாலில் ஒன்றுதான். மரம் ஒரு துளியும் குறையவில்லை, முக்கால் பங்கு விறைப்பு போய்விட்டது! இரண்டு ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள். பிறகு அவற்றை ஒட்டிக் காய வைத்து வளைத்துப் பாருங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும். கைப்பிடிக்குப் பந்துகூட வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மட்டையை வீசுவதே அதற்குச் சுமைதான்.

அது முறிந்தால் பறப்பது சிம்பு மட்டுமல்ல. 800 கிராம் பலகைத் துண்டு வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 90 ஜூல். நாம் மேலே கணக்கிட்ட தோல் பந்துக்கு 32 ஜூல்தான். பந்தையாவது எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மட்டைத் துண்டை யார் எதிர்பார்க்கிறார்கள்? 2010 செப்டம்பரில் அமெரிக்காவில் டைலர் கொல்வின் என்ற பேஸ்பால் வீரர் ஓடி வரும்போது, சக வீரரின் மேப்பிள் மட்டை உடைந்து அதன் கூர்மையான துண்டு அவர் மார்பில் குத்தியது. உயிர் பிழைத்தார், ஆனால் அந்தப் பருவம் முழுவதும் மீண்டும் ஆட முடியவில்லை. அதற்கு முன்பே, 2008-இல் மூன்றே மாதங்களில் உடைந்த 2,232 மட்டைகளைச் சேகரித்து அங்கே ஆராய்ந்திருந்தார்கள். ரேகை கைப்பிடிக்கு இணையாக ஓடாமல் சாய்ந்து ஓடினால் மட்டை துண்டுகளாகச் சிதற வாய்ப்பு மிகுதி என்று தெரிந்தது. சாய்வு 3 டிகிரிக்கு மேல் கூடாது என்று விதித்தார்கள். மட்டை வாங்கும்போது ரேகையைப் பார்த்து வாங்கச் சொல்வது வீண் பேச்சல்ல.

பேஸ்பாலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த உள்ளீடற்ற கூட்டுப்பொருள் மட்டைகள் பழுதாகப் பழுதாக இன்னும் வேகமாகப் பந்தை அனுப்பும்! சுவர் தளர்ந்து, கட்டில் கயிறு போலப் பந்தை ஏந்தித் தள்ளுவதே காரணம். அங்கே பழுது ஏமாற்றுக்கும் வழியாகிவிடுகிறது. மர மட்டையில் அந்த ஆதாயம் கிடையாது. விரிசலின் இரு பக்கங்களும் உராய்ந்து ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பந்து மந்தமாகத்தான் போகும்.

இந்த உராய்வைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? கைப்பிடியின் மேல்நுனியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து மட்டையைத் தொங்கவிடுங்கள். மரச்சுத்தியலாலோ பழைய பந்தாலோ பலகையைப் பல இடங்களில் தட்டுங்கள். நல்ல மட்டை ‘டக்’கென்று தெளிவாக ஒலித்துச் சற்றே அதிரும், விரிசல் விட்டது ‘தொப்’பென்று அடங்கும். விறைப்பு குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும் என்பதால் சுருதியும் இறங்கியிருக்கும். பக்கத்தில் நல்ல மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஐயமே இராது. அடுத்து ரப்பர் உறையைச் சுருட்டி மேலேற்றிக் கைப்பிடியைப் பாருங்கள். ஆபத்தான விரிசல் பெரும்பாலும் அந்த உறைக்குள்தான் ஒளிந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து மெல்ல முறுக்கும்போது ‘கிறீச்’ என்றால் அந்த மட்டை அன்று ஆடக்கூடாது.

டேப் என்ன செய்யும்? பலகையின் ஓரத்தில் சிம்பு பெயராமல் காக்கும், அவ்வளவே. விரிசலின் முனையில் குவியும் தகைவை மேலே சுற்றிய நாடாவால் பெரிதாகக் குறைக்க முடியாது. விதிப்படி அது விறைப்பாக இருக்கக்கூடாது, 0.1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கவும் கூடாது. பலகைக்குள் செருக அனுமதிக்கப்பட்டது மரமும் அதற்கு வேண்டிய பசையும் மட்டுமே. விரிசலில் ஆணி அடிப்பது விதிக்கும் புறம்பு, அறிவுக்கும் புறம்பு. ஆணியே ஓர் ஆப்பு அல்லவா?

விலக்கிவிடுங்கள் என்று சொல்வது எளிது. பதினோரு பேருக்கு ஒரே மட்டை வைத்திருக்கும் பள்ளியை அப்படிச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது நியாயமாகுமா? ஆகாது. போட்டி நடத்துபவர்கள் பரிசுக் கோப்பையின் செலவில் கொஞ்சம் குறைத்து, இரண்டு நல்ல மட்டைகளை மைதானத்தில் பொதுவாக வைக்கட்டும். யாருடைய மட்டையில் யார் ஆடுகிறார் என்று விதி கேட்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லா மட்டைகளையும் தட்டிப் பார்த்துவிட்டால் நடுவில் சச்சரவும் வராது.

விலக்கிய மட்டையைத் தூக்கி எறியவும் வேண்டாம். பலகை மட்டும் பிளந்தது டென்னிஸ் பந்துக்கு உதவும். கைப்பிடி பிளந்தது தெரு ஆட்டத்துக்கும் ஆகாது. ஆனால் பலகை நன்றாக இருந்தால், மட்டை பழுது பார்ப்பவர்கள் பழைய கைப்பிடியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தித் தருவார்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.